கம்பஸில் கிரேக்க உரோம நாகரிகம் எடுக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்

படுவான்கரை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். என் ஊர் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். உயர்தரப் பெறுபேறு வந்து, பேராதனைக் கலைப்பீடத்துக்குக் கிடைத்திருக்கிறது. தமிழ், புவியியல், கிரேக்க உரோம நாகரிகம் இந்த மூன்றும்தான் என் பாடங்கள். மூன்றாவதில் ஏ. மற்ற இரண்டிலும் பி.

முதலாம் வருடத்துக்கு எந்தப் பாடங்கள் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிரேக்க உரோம நாகரிகத்தை விடாமல் எடுத்து, முடிந்தால் அதிலேயே சிறப்புப் பட்டம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அப்பா வெள்ளாமைக்காரர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "உனக்கு விளங்கினதைப் படி" என்று விட்டுவிட்டார். பெரியப்பாதான் விடுகிறார் இல்லை. அவர் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடும்பத்தில் படித்தவர் என்றால் அவர்தான். "புவியியல் எடுத்தால் ஒரு வழி இருக்கிறது. நம்முடையதை விட்டுவிட்டு, வெள்ளைக்காரனின் பழங்கதையைப் போய்ப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார். அவர் என் நன்மைக்குத்தான் சொல்கிறார், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பாடம் எனக்கு எப்படிப் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் படிப்பித்த மிஸ் வாவிக்கு மறுகரையான எழுவான்கரையிலிருந்து படகுப்பாதை ஏறி வருவார். மழைக்காலத்தில் வாவி பெருகினால் வரப் பிந்தும். அப்படிப் பிந்தி வந்த ஒரு நாள், நோட்ஸ் தர நேரமில்லை என்று ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தில் வரும் நாயின் கதையை மட்டும் சொன்னார். ஒடிசியஸ் இருபது வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீட்டுக்கு வருகிறான். ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை. வாசலில் சாணிக் குவியலில் உண்ணி மொய்த்துக் கிடக்கும் ஆர்கோஸ் என்ற கிழ நாய் மட்டும் கண்டுபிடிக்கிறது. எழும்ப ஏலாது. வாலை ஆட்டி, காதைத் தாழ்த்துகிறது. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவனால் கிட்டப் போகவும் முடியாது. பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவன் உள்ளே போன பிறகு நாய் செத்துப் போகிறது. மிஸ் சொல்லி முடித்த பிறகு வகுப்பில் ஒருவரும் கதைக்கவில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த கதை இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை.

என் கேள்விகள் இவைதான். என் இங்கிலீஷ் குறைவு. அதை வைத்துக்கொண்டு சமாளிக்க ஏலுமா? கிரேக்க மொழியையும் படிக்க வேண்டுமா, அல்லது மொழிபெயர்ப்பு போதுமா? படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? பெரியப்பா கேட்டதற்கு என்ன சொல்வது?

கல்முனை அண்ணன்:

தங்கச்சி, வாழ்த்துகள். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாம் வருடத்தில் ஒரு பாடம் மட்டும் எடுப்பதில்லை. புவியியலையும் எடு, கிரேக்க உரோமத்தையும் எடு. வருட முடிவில் புள்ளியைப் பார்த்துச் சிறப்புப் பட்டத்துக்கு எது என்று தீர்மானிக்கலாம். இப்போதே வீட்டில் சண்டை வேண்டாம். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதே. இங்கிலீஷுக்கு இன்றிலிருந்தே தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கு. கம்பஸ் தொடங்க இன்னும் மாதங்கள் கிடக்கின்றன, அந்தக் காலத்தைத்தான் எல்லோரும் வீணாக்குகிறோம்.

களுவாஞ்சிகுடி டீச்சர்:

மகள், உன் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நானும் பேராதனைதான். 2000 ஆம் ஆண்டு போனேன். கிரேக்க உரோமப் பாடத்தில்தான் பட்டம். இப்போது பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் இங்கிலீஷ். போகும்போது என்னுடையது உன்னுடையதை விட மோசமாக இருந்திருக்கும். ஒடிசியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் முதல் பக்கத்தை முடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கொப்பியை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் தெரியாத சொல், வலப்பக்கம் தமிழ். முதல் அத்தியாயத்துக்கு மட்டும் நாற்பது பக்கம் எழுதினேன். ஆறாவது அத்தியாயம் வரும்போது பக்கத்துக்கு நாலைந்து சொல்தான். ஒடிசியைப் பாடிய ஹோமர் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் போடுவார். "ரோஜா விரல் விடியல்", "திராட்சை மது நிறக் கடல்" என்று அதே அடைமொழிகள் வந்துகொண்டே இருக்கும். வாயால் பாடியவர்களின் மரபு அது. எங்கள் கண்ணகி வழக்குரையை வைகாசியில் கோயிலில் பாடக் கேட்டிருப்பாய். அதிலும் சொன்ன சொல் திரும்பி வருவதைக் காது முதலில் பிடிக்கும், கருத்து பிறகு வரும். ஹோமரையும் அப்படித்தான் பிடித்தேன்.

இனி மொழி. இதைப் பற்றி நான் மனதாரச் சொல்வது ஒன்றுதான்: கிரேக்கமோ இலத்தீனோ, ஒரு மொழியைப் படி. மொழிபெயர்ப்பை வைத்தே பட்டம் எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். ஆனால் பேராதனையில் இந்த மொழிகளைப் படிப்பிக்கும் செம்மொழிகள் துறை இருக்கும்போது, அங்கே நாலு வருடம் இருந்துவிட்டு மொழியைத் தொடாமல் வருவது, வாவிக்கரையில் குடியிருந்து நீந்தத் தெரியாமல் இருப்பது மாதிரி.

பயப்படாதே. தமிழ்ப் பிள்ளைக்குக் கிரேக்கத்தில் சில கதவுகள் முதலே திறந்திருக்கும். எழுத்துகள் 24, இரண்டு கிழமையில் கைக்கு வந்துவிடும். கிரேக்கத்தில் எப்சிலோன் குறில், ஈட்டா நெடில். ஒமிக்ரோன் குறில், ஒமேகா நெடில். அதாவது எ, ஏ, ஒ, ஓ. இங்கிலீஷ்காரருக்கு எழுதிய பாடப்புத்தகங்கள் இந்த வித்தியாசத்தை விளக்கவே மெனக்கெடும். நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். கிரேக்கச் செய்யுளின் யாப்பும் குறில் நெடிலை எண்ணித்தான் நடக்கும், அசை பிரித்துப் பழகிய கை அங்கே சும்மா இருக்காது. (ஏ, ஓ இரண்டையும் இன்றைய வடிவில் எழுத வைத்தவர் வீரமாமுனிவர் என்று படித்திருப்பாய். இத்தாலியிலிருந்து வந்த அந்தத் துறவி தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதியவர். இந்த இரண்டு உலகங்களும் முன்பே சந்தித்தவைதான்.)

வேற்றுமையும் அப்படியே. தமிழுக்கு எட்டு, இலத்தீனுக்கு ஆறு, கிரேக்கத்துக்கு ஐந்து. சொல்லின் கடைசியில் உருபு மாறினால் பொருள் மாறும் என்பது உனக்குப் புதிதில்லை. எனக்கு மிகவும் உதவியது எச்சம். "வந்து, பார்த்து, அழுது, போனான்" என்று நாம் ஒரே முற்று வினையில் நாலு வேலையை முடிக்கிறோமே, கிரேக்கரும் அப்படி எச்சங்களை அடுக்கித்தான் எழுதுவார்கள். இங்கிலீஷில் அதை மூன்று வசனமாக உடைத்துப் போட்டிருப்பார்கள். நான் தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்தால் உடைக்காமலே வரும்.

கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். ப, த, க ஒவ்வொன்றின் பல ஒலிகளுக்கும் நாம் ஒரே எழுத்தை வைத்துச் சமாளிக்கிறோம். கிரேக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து: மெலிந்தது, அழுத்தமானது, மூச்சோடு வருவது. காது பழக எனக்கு ஒரு வருடம் எடுத்தது. வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. விடியற்காலையில் விடுதி மாடிப்படியில் இருந்து வாய்விட்டுச் சொல்லுவேன். பக்கத்து அறைச் சிங்களப் பிள்ளையும் அதே பாடம். சில நாள் இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வோம். அவளுடைய தமிழும் என்னுடைய சிங்களமும் அந்த மாடிப்படியில்தான் வளர்ந்தன.

வேலை பற்றி. பட்டதாரி நியமனத்தில் ஆசிரியராக வந்தேன். முதலில் கிடைத்த பாடசாலையில் இந்தப் பாடமே இல்லை. வரலாறு படிப்பித்தேன். பிறகு உயர்தரத்தில் ஐந்து பிள்ளைகளை வைத்துத் தொடங்கினோம். என் வகுப்புத் தோழிகளில் ஒருத்தி நிர்வாக சேவைப் பரீட்சை எழுதிப் போனாள், ஒருத்தி வங்கியில், ஒருத்தி மொழிபெயர்ப்பாளர். "கிரேக்க உரோம நாகரிகப் பட்டதாரி தேவை" என்று பத்திரிகையில் விளம்பரம் வராது. அது நிச்சயம். ஆனால் கலைப்பீடத்தில் எந்தப் பாடத்துக்கு அப்படி விளம்பரம் வருகிறது? புவியியல் படித்தவர்களும் அதே போட்டிப் பரீட்சைகளைத்தான் எழுதுகிறார்கள். நான் கண்ட அளவில் ஆளைத் தூக்கி விட்டது பாடத்தின் பெயர் இல்லை. நாலு வருடத்தில் இங்கிலீஷில் வாசிக்கவும், நினைத்ததை ஒழுங்காக எழுதவும் பழகியவர்கள் மேலே போனார்கள். இந்தப் பாடம் அந்த இரண்டையும் விடாமல் பழக்கும்.

பெரியப்பாவின் கேள்விக்கு மற்றவர்கள் எழுதட்டும், பிறகு வருகிறேன்.

காரைதீவு வாசகி:

பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். எங்கள் ஊர் விபுலாநந்த அடிகள் "யவனபுரத்துக் கலைச்செல்வம்" என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். யவனபுரம் என்றால் கிரேக்க நாடு. பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து யாழ்நூல் எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. நம்முடையது, அவர்களுடையது என்று பிரித்து ஒன்றை விட்டுவிட அடிகள் நினைக்கவில்லை.

நிந்தவூர் வரலாற்று மாணவன்:

தங்கச்சி, நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், இஸ்லாமிய நாகரிகம் பக்கம். உங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியை என் வாப்பாவும் வேறு விதமாகக் கேட்டார். அரிஸ்டோட்டிலை ஏன் படிக்கிறாய் என்றார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்றொரு கிறிஸ்தவ மருத்துவர் இருந்தார். கேலன் எழுதிய கிரேக்க மருத்துவ நூல்களை சிரியாக் மொழிக்கும் அரபிக்கும் கொண்டுவந்தவர். ஒரே நூலின் பல கையெழுத்துப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, பிழை திருத்தி, அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பார். அந்தப் பொறுமையை வாசித்தபோது எனக்கு மரியாதை வந்தது. கிரேக்க நூல்கள் பல அப்படி அரபிக்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்குப் போய், ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தன. இதை எல்லாம் வெள்ளைக்காரனின் சொத்து என்று எழுதிக் கொடுத்தது யார்?

இன்னொன்று நம்முடைய தீவைப் பற்றி. அவர்கள் நமக்கு வைத்த பெயர் தப்ரபேன். பிளினி என்ற உரோமர் தன் இயற்கை வரலாற்றின் ஆறாம் புத்தகத்தில் எழுதுகிறார்: அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரபிக் கரையோரம் கப்பலில் போகும்போது காற்றடித்து, பதினைந்தாம் நாள் தப்ரபேன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தானாம். அவனிடம் இருந்த வெள்ளி நாணயங்களை அரசன் பார்த்தான். தலைகள் வெவ்வேறு ஆட்களுடையவை, ஆனால் எல்லாம் ஒரே எடை. இவ்வளவு நேர்மையா என்று வியந்து, பேரரசர் குளோடியஸிடம் நாலு தூதர்களை அனுப்பினான். குளோடியஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. பேராதனைப் பேராசிரியர் வீரக்கொடி, கிரேக்க உரோம எழுத்துகளில் இலங்கை வரும் இடங்களை எல்லாம் ஒரே புத்தகமாக ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டார். அதை எழுத அவருக்குக் கிரேக்கமும் இலத்தீனும் தேவைப்பட்டன. நம் நாட்டின் பழைய கதையில் ஒரு பங்கு அந்த மொழிகளில் கிடக்கிறது. "யவனர் தந்த வினைமாண் நன்கலம், பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு முசிறியைச் சொல்கிறதே, கறி என்றால் மிளகு. அந்தக் கப்பலின் மறுகரைக் கணக்கைப் பார்க்க ஆசை இருந்தால் மறுகரை மொழி தெரிய வேண்டும்.

புளியந்தீவு ஐயா:

பிள்ளை, எனக்கு 77 வயது. நான் பட்டதாரி இல்லை. சின்ன வயதில் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவி செய்தவன். அப்போது பூசை முழுக்க இலத்தீன். குருவானவர் "இன்த்ரோயிபோ அட் அல்தாரே தேயி" என்பார். நாங்கள் முழங்காலில் நின்று, "அட் தேயும் குயி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்" என்று பதில் சொல்ல வேண்டும். பிழைத்தால் பூசை முடிந்த பிறகு காதைத் திருகுவார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. பிறகு சில வருடங்களில் பூசை தமிழுக்கு வந்துவிட்டது. அது நல்லது, அம்மாவுக்கு முதன்முறையாகப் பூசை விளங்கியது. ஆனாலும் அந்த வசனம் என் வாயை விட்டுப் போகவில்லை. வாவியில் தோணி தள்ளும்போதும் வரும். அதற்கு இன்ன பொருள் என்று இந்தப் பிள்ளை படித்து வந்து சொன்னால் கேட்பேன். படி மகள்.

படுவான்கரை மாணவி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. கப்பல் கதையைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே எடை நாணயம் என்ற இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். அடிகளின் கட்டுரையைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர், இரண்டாவது பதிலை எழுதுவதாகச் சொன்னீர்கள். ஒன்று கேட்கலாமா? அந்தக் காலத்தில், அவ்வளவு பிரச்சினைக்குள், நீங்கள் ஏன் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்?

களுவாஞ்சிகுடி டீச்சர்:

ஐயா, உங்கள் வசனத்துக்குப் பொருளை நானே சொல்கிறேன். குருவானவர் சொல்வது, "இறைவனின் பீடத்துக்குச் செல்வேன்." நீங்கள் சொன்ன பதில், "என் இளமையை மகிழ்விக்கும் இறைவனிடம்." யுவெந்தூஸ் என்றால் இளமை. அதே பூசையில் "கீரியே எலேய்சோன்" என்று சொல்லியிருப்பீர்கள். அது இலத்தீனே இல்லை, கிரேக்கம். "ஆண்டவரே, இரங்கும்."

மகள், நீ கேட்டதற்கு வருகிறேன். இதை நான் எழுத்தில் எழுதுவது இதுதான் முதல் தரம்.

எங்கள் அண்ணா 1990 ஆம் ஆண்டு காணாமல் போனவர். எனக்கு அப்போது பத்து வயது. உடம்பும் இல்லை, கடிதமும் இல்லை. அம்மா அவருக்குத் திவசம் செய்யவில்லை. செய்தால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு அன்ரிகனி நாடகம் வந்தது. சோபொக்கிளிஸ் கி.மு. 441 வாக்கில் எழுதியது. அண்ணன் தம்பி இருவர் ஒருவரை ஒருவர் கொன்று விழுகிறார்கள். புதிதாக அரசனான கிரியோன் ஒருவனை மரியாதையோடு அடக்கச் சொல்கிறான். மற்றவன் துரோகி, அவனை நாய்க்கும் பறவைக்கும் விடுங்கள், மண் போடுகிறவருக்கு மரணம் என்கிறான். தங்கை அன்ரிகனி போய் மண் போடுகிறாள். அவ்வளவுதான் கதை.

விரிவுரையாளர் உறவுமுறையை விளக்கக் கரும்பலகையில் படம் கீறினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. கிரியோன் அவளுடைய அம்மாவின் சகோதரன். தாய்மாமன்! அவள் கட்டப்போகிற ஹேமோன் மாமன் மகன், மச்சான். மட்டக்களப்பில் தாய்மாமன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாமன்தான் அவளை உயிரோடு கல்லறைக்குள் அடைக்கிறான்.

பிறகு கிரேக்கத்தில் முதல் வரியை வாசித்தோம். அன்ரிகனி தன் தங்கை இஸ்மேனியைக் கூப்பிடுகிறாள். அதில் அடெல்போஸ் என்ற சொல் இருக்கிறது. சகோதரன் என்று பொருள். பிரித்துப் பார்த்தால் "ஒரே வயிறு". சகோதரன் என்ற சொல்லும் அதேதான், உதரம் என்றால் வயிறு. நம்முடைய ஆட்கள் குடியைத் தாய்வழியாகத்தான் எண்ணுகிறோம், வயிற்றுவார் என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்காக அன்று இரவு நான் தூங்கவில்லை.

நாடகத்தின் பின்பகுதியில், சாகப் போகும்போது அன்ரிகனி ஒரு நியாயம் சொல்கிறாள். கணவன் இறந்தால் இன்னொரு கணவன் வரலாம், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், ஆனால் தாயும் தகப்பனும் போய்விட்ட பிறகு இனி எனக்கொரு சகோதரன் பிறக்க வழியில்லை, அதனால்தான் செய்தேன் என்கிறாள். ஜெர்மன் கவிஞர் கோதேக்கு இந்த வரிகள் பிடிக்கவே இல்லை. இவை சோபொக்கிளிஸ் எழுதியவை இல்லை என்று ஓர் அறிஞராவது நிரூபிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிறகு வந்த பல பேராசிரியர்களும், துக்கத்தில் இப்படிக் கணக்குப் பார்ப்பார்களா என்று சந்தேகப்பட்டார்கள். அரிஸ்டோட்டில் தன் சொல்லாட்சி நூலில் இந்த வரிகளை எடுத்துக் காட்டுகிறார், அவர் காலத்தில் அவை நாடகத்தில் இருந்தன. எனக்கு அந்த ஆதாரம் கூடத் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் செத்த வீட்டு ஒப்பாரியில் பெண்கள் இதே கணக்கைப் பார்த்து அழுததை நான் கேட்டிருக்கிறேன். "எந்தக் கடையில வாங்குவன் என் கூடப் பிறந்தானை" என்று எங்கள் பெரியம்மா அழுதா. அதை வைத்துத்தான் என் கட்டுரையை எழுதினேன். இங்கிலீஷ் பிழைகளை எல்லாம் சிவப்பில் சுழித்துவிட்டு, கடைசியில் "இதை நீ மட்டும்தான் எழுதியிருக்க முடியும்" என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார்.

விடுமுறைக்கு வந்து, குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது கதையைச் சொன்னேன். காவலர்கள் மண்ணைத் தட்டிவிட்ட பிறகு அன்ரிகனி திரும்பி வந்து, குஞ்சில்லாத கூட்டைக் கண்ட பறவை மாதிரிக் கத்துவாள். இரண்டாம் முறையும் கையால் மண் அள்ளிப் போட்டு, வெண்கலச் செம்பால் மூன்று தரம் நீர் வார்ப்பாள். அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டா: "அந்தப் பிள்ளைக்கு உடம்பாவது கிடைச்சுது, என்ன மனே?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்தத் தங்கச்சிக்குப் பிறகு என்ன நடந்தது, சொல்லு" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு கதை கொண்டுபோவேன். போரில் செத்த மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, ட்ரோய் நகரத்துக் கிழ அரசன் பிரியம் எதிரியின் கூடாரத்துக்குப் போன கதையை அம்மா நாலு தரமாவது சொல்லச் சொல்லியிருப்பா. மகனைக் கொன்ற கையை முத்தமிடும் இடம் வந்ததும், "போதும்" என்பா. பிறகு, "சரி, சொல்லு" என்பா.

அதனால்தான் பிடித்துக்கொண்டேன்.

என்னிடம் பழைய கிரேக்கப் பாடப்புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது, பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. ஓரங்களில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பட்டிருப்புப் பாலத்தால் இந்தப் பக்கம் வர முடிந்தால் வந்து வாங்கிக்கொண்டு போ. தனியே வராதே, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

படுவான்கரை மாணவி:

டீச்சர், வருகிறோம். அப்பாவும் வருகிறார், பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார்.

இரண்டு நாளாக எழுத்துகளை எழுதிப் பழகுகிறேன். நீங்கள் சொன்ன சொல்லின் பெண்பாலை இணையத்தில் தேடி எடுத்து, தங்கச்சியின் கொப்பி அட்டையில் எழுதினேன். அடெல்பே. ஆறு எழுத்து. நடுவில் வருவது எப்சிலோன், கடைசியில் ஈட்டா. ஒரே சொல்லில் எ-யும் ஏ-யும் வருகிறது. சரியாக எழுதியிருக்கிறேனா என்று கொப்பியையும் கொண்டுவருகிறேன்.